‘லுக்கிங் ஃபார்வர்டு டு’: அடுத்து ‘ஹியர்’ வருமா, ‘ஹியரிங்’ வருமா?

பூக்கல் பட்டறை (ஆத்தங்குடி) கேட்டது:

எங்கள் பட்டறைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் மெயில்களுக்கு ஆங்கிலத்தில் பதில் போடுவது என் பொறுப்பு. பூக்கல்லின் (தரையில் பதிக்கும் டைல்ஸ்) அளவு, நிறம், பேக்கிங், கூரியர் செலவு இதையெல்லாம் எழுதுவதில் தடுமாற்றம் இல்லை. கடைசி வரியில்தான் ஆளுக்கொரு கட்சி.

‘லுக்கிங் ஃபார்வர்டு டு ஹியர் ஃப்ரம் யூ’ என்பதுதான் பட்டறையில் வழக்கம். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண், ‘ஹியரிங்’ என்றுதான் வர வேண்டும் என்கிறது. கணக்குப்பிள்ளை, “டு போட்டால் அடுத்து வெர்பின் முதல் ஃபார்ம். இது பள்ளிக்கூடத்துப் பாடம்” என்று விடாப்பிடியாக நிற்கிறார். கம்ப்யூட்டரில் சிவப்புக் கோடும் விழவில்லை. யார் சொல்வது சரி, ஏன் சரி என்று காரணத்தோடு சொன்னால் கணக்குப்பிள்ளையிடம் காட்ட முடியும்.

கூடவே, ‘ஃபார்வர்டு டு யுவர் ரிப்ளை’யா, ‘ஃபார்வர்டு ஃபார் யுவர் ரிப்ளை’யா? ‘வீ லுக்’ என்பதா, ‘வீ ஆர் லுக்கிங்’ என்பதா? வரி முடிவில் கமாவா, முற்றுப்புள்ளியா?

அனுப்பவேண்டிய மெயில் இது:

“டியர் சார், தேங்க் யூ ஃபார் யுவர் இன்டரஸ்ட் இன் அவர் டைல்ஸ். வீ ஹேவ் அட்டாச்டு த டிசைன் ஷீட். கைண்ட்லி ரிவர்ட் அட் தி எர்லியஸ்ட். லுக்கிங் ஃபார்வர்டு டு ஹியர் ஃப்ரம் யூ அண்ட் டு ரிசீவ் யுவர் ஆர்டர், த சாம்பிள்ஸ் வில் பி சென்ட் பை கூரியர். தேங்கிங் யூ, யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி.”


செக்காலை வாத்தியார் எழுதியது:

தம்பி, அந்தப் பெண் சொல்வதுதான் சரி. ‘லுக்கிங் ஃபார்வர்டு டு ஹியரிங் ஃப்ரம் யூ’. கணக்குப்பிள்ளை சொல்லும் விதியும் பொய்யில்லை, ஆனால் அது வேறொரு ‘டு’வுக்கு உரிய விதி.

ஆங்கிலத்தில் ‘டு’ இரண்டு வேலை பார்க்கிறது. ‘ஐ வான்ட் டு ரைட்’ என்பதில் வருவது வினையோடு சேர்ந்த ‘டு’, அதாவது இன்ஃபினிடிவ். அங்கே முதல் ஃபார்ம்தான். ‘ஐ வென்ட் டு காரைக்குடி’ என்பதில் வருவது ப்ரிப்போசிஷன். அதன் பின்னால் ஒரு பெயர்ச்சொல் நிற்க வேண்டும். ஊர்ப்பெயர், பொருள், ஆள் எதுவானாலும் சரி. அந்த இடத்தில் ஒரு செயலை வைக்க வேண்டுமென்றால் வினையைப் பெயராக்கித்தான் வைக்க முடியும். ஆங்கிலத்தில் அதற்கு ‘இங்’ சேர்க்கிறார்கள், ஜெரண்ட் என்கிறார்கள். நம் இலக்கணத்தில் தொழிற்பெயர்.

‘லுக் ஃபார்வர்டு டு’ மூன்று சொல்லும் சேர்ந்தால்தான் ஒரு வினை. ஒரு திசையை நோக்கிப் பார்ப்பது என்பது அடிப்படைப் பொருள். அந்தத் திசையைக் காட்டுவதுதான் ‘டு’. ஆகவே அது முன்னால் இருக்கும் ‘ஃபார்வர்டு’க்குச் சொந்தம், பின்னால் வரும் ‘ஹியர்’க்கு இல்லை. வாக்கியத்தை வாய்விட்டுப் படிக்கும்போது ‘லுக்கிங் ஃபார்வர்டு டு’ என்று சொல்லி ஒரு நொடி நிறுத்திப் பாருங்கள். அதற்குப் பின் ‘ஹியரிங் ஃப்ரம் யூ’ தனியாக நிற்கும். நாமோ ‘லுக்கிங் ஃபார்வர்டு’ என்று நிறுத்தி, ‘டு ஹியர்’ என்று எடுக்கிறோம். பிழை அந்த நிறுத்தத்தில் ஆரம்பிக்கிறது.

தமிழிலேயே ஒரு சோதனை இருக்கிறது. ‘எதிர்நோக்கு’ என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘உங்கள் பதிலை எதிர்நோக்குகிறேன்’, ‘உங்களைச் சந்திப்பதை எதிர்நோக்குகிறேன்’ என்று எழுதுவோம். ‘சந்திக்க எதிர்நோக்குகிறேன்’ என்று எழுதினால் காதில் இடிக்கும். ‘சந்திப்பது’ தொழிற்பெயர், அதன் மேல் ‘ஐ’ உருபு ஏறியிருக்கிறது. தமிழில் இப்படித் தொழிற்பெயர் கேட்கும் இடத்தில் ஆங்கிலத்திலும் ‘மீட்டிங்’. மாறாக ‘சந்திக்க விரும்புகிறேன்’, ‘சந்திக்க ஆவலாக இருக்கிறேன்’ என்பவற்றில் வருவது செய என்னும் எச்சம். அவை ‘வான்ட் டு மீட்’, ‘ஈகர் டு மீட்’, ‘இங்’ கிடையாது. மனசுக்குள் ‘சந்திக்க ஆவலாக இருக்கிறேன்’ என்று நினைத்துக்கொண்டு கையால் ‘லுக்கிங் ஃபார்வர்டு’ எழுதினால் ‘டு மீட்’ என்று வந்து விழத்தான் செய்யும். தமிழ்நாட்டில் இந்தப் பிழை இவ்வளவு பரவியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

ஆங்கிலத்துக்குள்ளேயே சோதிக்க வேண்டுமென்றால் ‘டு’வுக்குப் பின் ‘இட்’ போட்டுப் பாருங்கள். ‘லுக்கிங் ஃபார்வர்டு டு இட்’ நிற்கிறது, ஆகவே ‘ஹியரிங்’. ‘ஹோப் டு இட்’ நிற்கவில்லை, ஆகவே ‘ஹோப் டு ஹியர்’.

இதே சாதியில் வியாபாரக் கடிதத்தில் அடிக்கடி வருபவை: ‘கமிட்டட் டு டெலிவரிங்’, ‘ப்ரையர் டு ஷிப்பிங்’, ‘இன் அடிஷன் டு பேக்கிங்’, ‘வித் எ வியூ டு ஓப்பனிங்’, ‘அப்ஜெக்ட் டு பேயிங்’. ‘யூஸ்டு டு’ மட்டும் இரட்டை வேஷம். ‘வீ யூஸ்டு டு எக்ஸ்போர்ட்’ என்றால் முன்பு ஏற்றுமதி செய்துவந்தோம், இப்போது இல்லை. ‘வீ ஆர் யூஸ்டு டு எக்ஸ்போர்ட்டிங்’ என்றால் ஏற்றுமதி எங்களுக்குப் பழக்கம். நடுவில் ஒரு ‘ஆர்’ இருப்பதும் இல்லாததும் பொருளையே புரட்டிவிடும்.

இன்னொரு குழி ‘லுக்கிங் டு’. ‘ஃபார்வர்டு’ இல்லாமல் ‘வீ ஆர் லுக்கிங் டு எக்ஸ்போர்ட் டு ஃபிரான்ஸ்’ என்று வந்தால் அது சரி. ஏற்றுமதி செய்யத் திட்டமிட்டிருக்கிறோம் என்று பொருள், அங்கே ‘டு’ இன்ஃபினிடிவ். ‘ஃபார்வர்டு’ சேர்ந்த கணமே ‘எக்ஸ்போர்ட்டிங்’ ஆகிவிடும். பத்திரிகையில் ‘லுக்கிங் டு எக்ஸ்பேண்ட்’ என்று பார்த்துவிட்டு ‘லுக்கிங் ஃபார்வர்டு டு எக்ஸ்பேண்ட்’ எழுதுகிறவர்கள் உண்டு.

இனி ‘ஃபார்’. ‘பதிலுக்காகக் காத்திருக்கிறேன்’ என்பதிலிருந்து வருவது அது. ‘வெயிட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை’ சரி. ‘லுக்கிங் ஃபார்’ என்றால் தேடுவது. ‘லுக்கிங் ஃபார்வர்டு ஃபார்’ என்பது இரண்டையும் போட்டுக் குழப்பியது. எந்த இடத்திலும் வராது. ‘அவெயிட்’ என்று எழுதினால் ‘ஃபார்’ சேர்க்கவே கூடாது: ‘வீ அவெயிட் யுவர் ரிப்ளை’.

‘வீ லுக்’, ‘வீ ஆர் லுக்கிங்’ இரண்டும் சரி. முதலாவது கொஞ்சம் விறைப்பு, முதல் கடிதத்துக்கும் நிறுவனத்தின் பெயரால் எழுதுவதற்கும் ஏற்றது. இரண்டாவது பழகியவர்களுக்கு.

சிவப்புக் கோடு விழாததில் அதிசயம் இல்லை. அது எழுத்துப் பிழைக்கு விழுவது. ‘ஹியர்’ என்ற சொல்லில் எழுத்துப் பிழை எதுவும் இல்லையே.


கானாடுகாத்தான் வளவு எழுதியது:

சார் சொன்னதோடு ஹோம்ஸ்டே பக்கம் வருவதையும் சேர்த்துக்கொள்கிறேன். இங்கே ‘ஹியரிங்’கை விட ‘வெல்கமிங்’ அதிகம்.

‘வீ லுக் ஃபார்வர்டு டு வெல்கமிங் யூ டு கானாடுகாத்தான்.’ இதில் இரண்டு ‘டு’. முதலாவது ஃபார்வர்டுக்கு, இரண்டாவது ஊருக்கு. இரண்டு முறை வருகிறதே என்று ஒன்றை வெட்டிவிடுகிறார்கள், வெட்டக்கூடாது. ‘டு ஹேவ் யூ வித் அஸ்’ தப்பு, ‘டு ஹேவிங் யூ வித் அஸ்’. ‘டு பி ஆஃப் சர்வீஸ்’ தப்பு, ‘டு பீயிங் ஆஃப் சர்வீஸ்’. ‘பீயிங்’ என்று எழுதக் கை கூசும், ஆனாலும் அதுதான் சரி. கூச்சமாக இருந்தால் பெயர்ச்சொல்லுக்கு மாறிவிடுங்கள்: ‘வீ லுக் ஃபார்வர்டு டு யுவர் விசிட்’. சுருக்கமும் கூட.

விருந்தாளி வருகையை ரத்து செய்துவிட்டால் ‘வீ வேர் லுக்கிங் ஃபார்வர்டு டு யுவர் விசிட்’ என்று இறந்தகாலத்தில் எழுதலாம், அதில் நாகரிகமான வருத்தம் தெரியும். ரத்தாகாத புக்கிங்குக்கு இதே ‘வேர்’ போட்டால், ‘அப்படியென்றால் அறை இல்லையா?’ என்று பதறிப் பதில் வரும்.

‘ஐ ஆம் நாட் லுக்கிங் ஃபார்வர்டு டு’ என்றால் எதிர்பார்க்கவில்லை என்று பொருள் இல்லை. நினைத்தாலே சலிப்பாக இருக்கிறது, வேண்டாவெறுப்பு என்று பொருள். விருந்தாளி இன்றிரவு வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டு, ‘வீ ஆர் நாட் லுக்கிங் ஃபார்வர்டு டு யுவர் அரைவல் டுநைட்’ என்று எழுதினால் கதை கெட்டது. ‘வீ ஆர் நாட் எக்ஸ்பெக்டிங் யூ டுநைட்’ என்பதே அங்கே வேண்டியது.


தேவகோட்டை ஆச்சி எழுதியது (மெய்ப்புப் பார்ப்பவர்):

வாத்தியார் ஐயா சொன்ன ‘இட்’ சோதனை நல்ல சோதனை, ஆனால் எல்லா இடத்திலும் கைகொடுக்காது. ‘அக்ரீ டு இட்’ நிற்கும். அதை நம்பி ‘வீ அக்ரீ டு பேயிங் த ஃப்ரெய்ட்’ என்று எழுதினால் நெருடும். வழக்கில் இருப்பது ‘வீ அக்ரீ டு பே’. ‘கன்சென்ட்’டும் அப்படியே. இவை போன்ற சிலவற்றை மனப்பாடமாக வைத்துக்கொண்டு மற்றதற்குச் சோதனையைப் பயன்படுத்துங்கள்.

‘யூஸ்டு டு’ போலவே குழப்புவது, ஒரே வாக்கியத்தில் இரண்டு வகை ‘டு’வும் அடுத்தடுத்து வருவது. ‘வீ லுக் ஃபார்வர்டு டு பீயிங் ஏபிள் டு சென்ட் த சாம்பிள்ஸ்.’ முதல் ‘டு’வுக்கு ‘பீயிங்’. ‘ஏபிள்’ பின்னால் வரும் ‘டு’வுக்கு வெறும் ‘சென்ட்’. இதில் ஒரு இடத்தில் ‘இங்’ வந்துவிட்டதே என்று இரண்டாவதிலும் போடுவது பெரிய ஆட்கள் எழுதும் கடிதத்திலும் உண்டு.

தம்பியின் மெயிலுக்கு வருகிறேன். ‘டு ஹியர் ஃப்ரம் யூ அண்ட் டு ரிசீவ் யுவர் ஆர்டர்’. முதல் பாதியைத் திருத்திவிட்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுவீர்கள், பாருங்கள். ‘அண்ட்’ தாண்டினால் கவனம் தளர்ந்துவிடும். முன்னால் ‘ஹியரிங்’ என்றால் பின்னால் ‘ரிசீவிங்’. இரண்டும் ஒரே ஃபார்வர்டின் கீழ்தான் தொங்குகின்றன.

அதைவிடப் பெரிய ஓட்டை அடுத்து இருக்கிறது. ‘லுக்கிங் ஃபார்வர்டு டு...’ என்று ஆரம்பித்துக் கமா போட்டு ‘த சாம்பிள்ஸ் வில் பி சென்ட்’ என்று முடித்திருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் இப்படி எழுதினால், எதிர்பார்த்துக் காத்திருப்பது யார் என்பதைக் கமாவுக்கு அடுத்து வரும் எழுவாய்தான் சொல்லும். அங்கே இருப்பது சாம்பிள்ஸ். ஆக, உங்கள் பூக்கல் வாடிக்கையாளரின் பதிலை ஆவலோடு எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது! இரண்டு தனி வாக்கியமாக உடைத்துவிடுங்கள்.

கமா கேட்டீர்கள். அந்தக் காலத்துக் கடிதங்களில் ‘லுக்கிங் ஃபார்வர்டு டு யுவர் ரிப்ளை, ஐ ரிமெய்ன், யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என்று கையெழுத்து வரைக்கும் ஒரே வாக்கியமாக ஓடும். ‘ஐ ரிமெய்ன்’ அங்கே எழுவாயும் பயனிலையும். அதனால் முன்னால் கமா நியாயமாக இருந்தது. ‘தேங்கிங் யூ,’ என்று நாம் போடும் கமாவும் அந்தப் பழைய வாக்கியத்தின் மிச்சம்தான். இன்று ‘ஐ ரிமெய்ன்’ போய்விட்டது, கமா மட்டும் தொங்குகிறது. இப்போது ‘லுக்கிங் ஃபார்வர்டு டு ஹியரிங் ஃப்ரம் யூ’ என்று தனியாக எழுதினால் முற்றுப்புள்ளி வையுங்கள். அது இலக்கணப்படி முழு வாக்கியம் இல்லைதான், மெயிலில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். குறையே இருக்கக்கூடாது என்றால் ‘வீ’ சேர்த்து ‘வீ லுக் ஃபார்வர்டு’ என்று முழுசாக எழுதுங்கள். ‘தேங்கிங் யூ’வை விட ‘தேங்க் யூ’ நேரானது.

‘ஃப்ரம்’ விட்டுப்போகாமல் பாருங்கள். ‘ஹியரிங் யூ’ என்றால் உங்கள் குரலைக் கேட்பது. ‘ஹியரிங் ஃப்ரம் யூ’ என்றால்தான் உங்களிடமிருந்து தகவல் வருவது. ‘வெரி மச்’ சேர்க்க ஆசைப்பட்டால் ‘வீ வெரி மச் லுக் ஃபார்வர்டு டு’ என்று வினைக்கு முன்னால் வையுங்கள். ‘லுக் வெரி மச் ஃபார்வர்டு’ ஆகாது. ‘ஃபார்வர்ட்ஸ்’ என்று எஸ் போட்டு ஒரு சொல் உண்டு, இந்தத் தொடரில் அதற்கு இடமில்லை. ‘ஃபோர்வேர்டு’ என்பது புத்தகத்தின் முன்னுரை. உச்சரிப்பு நெருக்கம் என்பதால் எழுத்து மாறிவிடுகிறது: நமக்கு வேண்டியது எஃப், ஓ, ஆர், டபிள்யூ, ஏ, ஆர், டி.

பழைய டெம்ப்ளேட்டுகளில் எல்லாம் இந்த வரி இருக்குமே, அதையும் திருத்தத்தானே வேண்டும்? ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போடுமுன் ஒரு எச்சரிக்கை. ‘டு ஹியர்’ என்று மட்டும் தேடி ‘டு ஹியரிங்’ என்று மாற்றச் சொன்னால் ‘ஹோப் டு ஹியர்’ என்ற சரியான வரியும் கெட்டுப்போகும். சரி என்று ‘ஃபார்வர்டு டு ஹியர்’ என்று தேடினால், ஏற்கெனவே ‘ஹியரிங்’ என்று சரியாக இருக்கும் இடத்திலும் முதல் நான்கு எழுத்து ஒத்துப்போய் ‘ஹியரிங்இங்’ ஆகிவிடும். ‘ஃபார்வர்டு டு ஹியர் ஃப்ரம்’ என்று ‘ஃப்ரம்’ வரைக்கும் சேர்த்துத் தேடுங்கள். அப்போது தப்பான இடம் மட்டும் சிக்கும். அது முடிந்ததும் வெறும் ‘ஃபார்வர்டு டு’ என்று தேடி, ‘ரீப்ளேஸ் ஆல்’ அமுக்காமல் ஒவ்வொன்றாக நகர்ந்து அடுத்த சொல்லைப் பாருங்கள். ‘மீட்’, ‘சீ’, ‘ரிசீவ்’, ‘வெல்கம்’, ‘ஒர்க்’ இந்த ஐந்தும்தான் பெரும்பாலும் மாட்டும்.


கோட்டையூர் ஏற்றுமதி எழுதியது:

‘இங்’ விஷயம் தீர்ந்தது. ஆனால் அந்த மெயிலில் வியாபாரத்தைக் கெடுப்பது ‘ஹியர்’ இல்லை. வாங்குபவர் என்ன செய்ய வேண்டும் என்று எங்குமே கேட்கவில்லையே! ‘லுக்கிங் ஃபார்வர்டு’ என்பது மரியாதை வரி. அது கேள்வி ஆகாது. படித்தவர் ‘சரி, நல்லது’ என்று மூடி வைத்துவிடுவார்.

‘கைண்ட்லி ரிவர்ட்’ வேண்டாம். நம் நாட்டு அலுவலகங்களில் ‘ரிவர்ட்’ என்றால் பதில் அனுப்பு. வெளியே பல பேருக்கு அது பழைய நிலைக்குத் திரும்புவது. டிசைனைப் பழையபடி மாற்றச் சொல்கிறீர்களோ என்று யோசிப்பார்கள். ‘ரிப்ளை’ போதும். ‘அட் தி எர்லியஸ்ட்’ அதட்டல் மாதிரி விழும், அதிலும் எந்தத் தேதி என்ற விவரம் இல்லை. தேதியைச் சொல்லிக் கேளுங்கள். 05/06 என்று எழுதாதீர்கள்; அமெரிக்காவில் அது மே 6, இங்கிலாந்தில் ஜூன் 5. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.

என்ன கேட்க வேண்டும்? எந்த டிசைன் எண், கல் எட்டு அங்குலமா பத்து அங்குலமா, தரையின் பரப்பு எவ்வளவு, பார்டர் தனியாக வேண்டுமா. பரப்பைப் பல நாட்டவர் சதுர மீட்டரில்தான் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் 10.76 சதுர அடி. 100 சதுர அடிக்கு எட்டு அங்குலக் கல் 225, பத்து அங்குலக் கல் 144, வழியில் உடைவதற்கும் ஓரம் வெட்டுவதற்கும் சேர்த்து மேலே கொஞ்சம். இந்தக் கணக்கை மெயிலிலேயே போட்டுவிட்டால் இரண்டு மெயில் மிச்சம். கண்ணாடி மேல் கையால் வார்ப்பதால் கல்லுக்குக் கல் நிறம் சற்று மாறும் என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள், சரக்கு போன பிறகு விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

‘லுக்கிங் ஃபார்வர்டு’ வரவே கூடாத கடிதங்களும் உண்டு. கல் உடைந்துபோய்ச் சேர்ந்திருக்கிறது என்று வாடிக்கையாளர் படத்தோடு எழுதியிருக்கிறார். அதற்குப் பதிலின் கடைசியில் வழக்கம்போல் ‘லுக்கிங் ஃபார்வர்டு டு ஹியரிங் ஃப்ரம் யூ’ என்று முடித்தால், குறை சொன்னதில் உங்களுக்கு ஏதோ சந்தோஷம் என்றாகிறது. அந்தத் தொடரில் மகிழ்ச்சி உள்ளே இருக்கிறது, வெறும் எதிர்பார்ப்பு இல்லை. அங்கே ‘வீ வில் ரைட் டு யூ அகெய்ன் பை 10 ஜூன் வித் த ரீப்ளேஸ்மென்ட் டேட்’ என்று நாம் செய்யப்போவதைச் சொல்லி முடிக்க வேண்டும். பணம் கேட்டு அனுப்பும் மூன்றாவது நினைவூட்டலிலும் இந்த இனிப்பு வேண்டாம். துக்கம் விசாரிக்கும் கடிதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

என்னைக் கேட்டால் இந்த வரியையே எடுத்துவிடலாம். தெளிவாகக் கேட்டு, தேதி கொடுத்து, கையெழுத்துப் போடுங்கள்.


செக்காலை வாத்தியார் எழுதியது:

கோட்டையூராரே, கேள்வி தெளிவாக இருக்க வேண்டும் என்பது வரை சரி. வரியை எடுத்துவிடச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. முதன்முதலாக எழுதுகிறவருக்கு, நாலு கேள்வியும் ஒரு தேதியும் கொடுத்துச் சட்டென்று நிறுத்தினால் தாசில்தார் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கும். கேள்வி, தேதி, அதன் பிறகு அந்த மரியாதை வரி என்று வரிசை வைத்தால் இரண்டு காரியமும் நடக்கும். ஏழெட்டு மெயில் போய்வந்த பிறகு, ஒரு வரிப் பதிலுக்கு அடியிலும் அதையே ஒட்டுவதுதான் தேவையில்லாதது.

ஆச்சி சொன்ன ‘அக்ரீ’ விதிவிலக்கு சரியான பிடி.


கோட்டையூர் ஏற்றுமதி எழுதியது:

முதல் கடிதம் என்றால் இருக்கட்டும், ஒத்துக்கொள்கிறேன். டெம்ப்ளேட்டில் நிரந்தரமாக ஒட்டிவைக்க வேண்டாம் என்பது என் கட்சி. கையெழுத்துப் பகுதியில் சேர்த்துவைத்திருந்தால் உடைந்த கல் கடிதத்திலும் தானாகவே போய் உட்கார்ந்துகொள்ளும்.


பூக்கல் பட்டறை எழுதியது:

வாத்தியார் சார், ஆச்சி, கோட்டையூர் அண்ணே, கானாடுகாத்தான் அண்ணே, எல்லோருக்கும் நன்றி. கணக்குப்பிள்ளை ‘வென்ட் டு காரைக்குடி’யைப் படித்ததும் ஒத்துக்கொண்டார். கையெழுத்துப் பகுதியில் இருந்ததை எடுத்துவிட்டேன். மெயிலை இப்படி மாற்றியிருக்கிறேன், ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்:

“டியர் சார், தேங்க் யூ ஃபார் யுவர் இன்டரஸ்ட் இன் அவர் டைல்ஸ். த டிசைன் ஷீட் இஸ் அட்டாச்டு. த டைல்ஸ் ஆர் ஹேண்ட்மேட் ஆன் கிளாஸ், ஸோ த கலர் வேரீஸ் ஸ்லைட்லி ஃப்ரம் டைல் டு டைல். ப்ளீஸ் லெட் அஸ் நோ பை 20 ஜூன் த டிசைன் நம்பர், த டைல் சைஸ் அண்ட் த ஃப்ளோர் ஏரியா இன் ஸ்கொயர் மீட்டர்ஸ். வீ வில் பி ஹேப்பி டு சென்டிங் டூ சாம்பிள்ஸ் பை கூரியர். வீ லுக் ஃபார்வர்டு டு ஹியரிங் ஃப்ரம் யூ அண்ட் டு ஒர்க்கிங் வித் யூ. யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி.”


தேவகோட்டை ஆச்சி எழுதியது:

கடைசி வாக்கியம் இரண்டு பாதியும் சுத்தம். ‘ஹேப்பி டு சென்டிங்’ மட்டும் மாற்றுங்கள். ‘ஹேப்பி டு சென்ட்’. புது விதி கையில் வந்ததும் எல்லா ‘டு’வுக்கும் ‘இங்’ போடத் தோன்றும். ‘ஹேப்பி’, ‘ப்ளீஸ்டு’, ‘ஏபிள்’, ‘ரெடி’, ‘ஈகர்’ இவற்றின் பின்னால் வெறும் வினைதான். ‘இட்’ போட்டுப் பாருங்கள், ‘ஹேப்பி டு இட்’ நிற்காது.

பார்டர் வேண்டுமா என்று கேட்கச் சொன்னாரே கோட்டையூரார், அது விட்டுப்போயிருக்கிறது. ‘ஸ்கொயர் மீட்டர்ஸ்’க்கு அடுத்து ‘அண்ட் வெதர் யூ நீட் எ பார்டர்’ சேர்த்து, ‘சைஸ்’க்குப் பின்னால் இருக்கும் ‘அண்ட்’டை எடுத்துக் கமா போடுங்கள். அவர் பெயர் தெரியுமென்றால் ‘டியர் சார்’ வேண்டாம். மிஸ்டர் போட்டுப் பெயரை எழுதி, கீழே ‘யுவர்ஸ் சின்சியர்லி’ என்று மாற்றுங்கள். பெயர் தெரியாமல் ‘சார்’ என்று தொடங்கினால்தான் ‘ஃபெய்த்ஃபுல்லி’. எது போட்டாலும் ‘யுவர்ஸ்’ என்பதில் எஸ்ஸுக்கு முன்னால் அப்பாஸ்ட்ரஃபி கிடையாது.